காவலர்க்கு ஒரு காவல்

போலீஸ் உத்தியோகத்துக்கு ஆள் எடுக்கும் மைதானத்தை நம்மில் பலரும் பார்த்திருப்போம். விடியற்காலையில் இளைஞர்கள் வரிசை வரிசையாக நிற்பார்கள். உயரம் அளக்கப்படும். மார்பளவு எடுக்கப்படும், மூச்சை உள்ளிழுத்து விரித்தால் 5 சென்டிமீட்டராவது கூட வேண்டும். பாதம் தட்டையாக இருக்கலாகாது. நேராக நிற்கையில் முழங்கால்கள் ஒன்றோடொன்று இடிக்கலாகாது. காலில் இரத்தக் குழாய் சுருண்டு புடைத்திருக்கலாகாது. நிறங்களைப் பிரித்தறியும் பார்வை வேண்டும். இத்தனையும் தேறிய உடலைத்தான் அரசாங்கம் ஏற்றுக்கொள்கிறது. குதிரை வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பதைவிடக் கண்டிப்பான சோதனை இது.

அதற்குப் பிறகு? காக்கி உடுப்பை அணிந்த நாள்முதல் ஓய்வு பெறும் நாள்வரை முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் செல்கின்றன. அந்தக் காலம் முழுவதிலும் சாதாரணக் கான்ஸ்டபிளின் உடலை யார், எப்போது, எதற்காகச் சோதிக்கிறார்கள் என்பதே இன்றைய பேச்சின் பொருள். காவல் நிலைய வாசலில் நிற்கும் ஜீப்புக்கு இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும் என்று ஒரு புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். மோப்ப நாயைக் கால்நடை மருத்துவர் தவறாமல் பார்க்கிறார். அந்த ஜீப்பை ஓட்டுகிறவருக்கும், அந்த நாயைப் பிடித்துச் செல்கிறவருக்கும் அப்படி ஓர் ஏடு உண்டா என்றால், எல்லா இடங்களிலும் உண்டு என்று சொல்வதற்கில்லை.

தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்கு இது பிறர் விஷயம் அன்று. மத்திய ரிசர்வ் போலீஸ் படை, எல்லைப் பாதுகாப்புப் படை, மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை, ரயில்வே பாதுகாப்புப் படை ஆகியவற்றில் சேர்ந்து நாட்டின் மூலை முடுக்குகளில் பணிபுரியும் தமிழ் மக்கள் ஏராளம். மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் பிறந்து வளர்ந்து, அந்தந்த ஊர்ப் போலீசிலேயே சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். நம் குடியிருப்பில், நம் கோயில் திருவிழாவில், நம் தமிழ்ச் சங்கத்தில் நமக்கு அடுத்த நாற்காலியில் அவர்கள் அமர்கிறார்கள். அமர்வதற்கு நேரம் கிடைத்தால், அதாவது.

நேரம் கிடைக்காமல் போவதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. 1861ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தின் 22ஆம் பிரிவு, போலீஸ் அதிகாரி எப்போதும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார் என்று கூறுகிறது. பல மாநிலங்கள் தமக்கெனத் தனிச் சட்டம் இயற்றிக்கொண்டபோதும் அந்த வாசகத்தைக் கைவிடவில்லை. 1951ஆம் ஆண்டுப் பம்பாய்ச் சட்டத்திலும் அது உண்டு. ‘எப்போதும்’ என்ற அந்த ஒரு சொல் காவலரின் உறக்கத்தையும் உணவையும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஆண்டு வருகிறது. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், காவல் நிலையங்களில் பணிபுரிவோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் உழைப்பது தெரியவந்தது. 2019இல் வெளியான மற்றோர் அறிக்கை சராசரி 14 மணி நேரம் என்றது. இருவரில் ஒருவருக்கு வார விடுமுறை என்பதே கிடையாது என்றும் கூறிற்று. மும்பையில் தேவனார் காவல் நிலையத்தில் 2016இல் எட்டு மணி நேர முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். தமிழ்நாட்டில் 2021 நவம்பரில் வார ஓய்வுக்கு அரசாணை பிறந்தது. இவை நல்ல செயல்கள். ஆயினும் விநாயக சதுர்த்தி விசர்ஜன பந்தோபஸ்தில் விடிய விடிய நிற்கிறவரிடம் போய் எட்டு மணிக் கணக்கைப் பேச முடியாது.

இத்தகைய உழைப்பு உடலை என்ன செய்கிறது? இரவில் விழித்துப் பகலில் உறங்கும்போது, உடலுக்குள் இயல்பாக இருக்கும் நாழிகைக் கணக்கு குழம்புகிறது. இரத்தத்தில் சர்க்கரையை ஆளும் சுரப்புகளும், இரவில் தணிய வேண்டிய இரத்த அழுத்தமும் தம் ஒழுங்கை இழக்கின்றன. சாப்பாடு கிடைத்தபோது சாப்பிட்டதுதான். அதுவும் தெரு முனையில் கிடைக்கும் வடா பாவும் சமோசாவும், இனிப்பு மிகுந்த தேநீரும். அமெரிக்காவில் பஃபலோ நகரத்துப் போலீசாரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள், இரவுப் பணிக்கும், இடுப்புச் சதை, சர்க்கரை, கொதிப்பு, கொழுப்பு ஆகியவை ஒன்றுசேர்ந்து வரும் கோளாறுக்கும் தொடர்பு கண்டார்கள். அந்நாட்டில் 1984 முதல் 2010 வரை பணியிலிருக்கையில் திடீரென இருதயம் நின்று இறந்த 441 போலீசாரின் விவரங்களை வேறொரு குழுவினர் அலசி, 2014இல் வெளியிட்டார்கள். வழக்கமான பணி நேரத்தோடு ஒப்பிட்டால், ஒருவரை மல்லுக்கட்டிப் பிடிக்கும் வேளையிலும், ஓடித் துரத்தும் வேளையிலும் அந்த அபாயம் முப்பது மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தது. திருடனைத் துரத்தியதால் இருதயம் கெட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. பல காலமாகக் கெட்டிருந்த இருதயம் அன்று ஓட நேர்ந்தது என்பதே பொருள்.

இங்கேதான் முன்கூட்டிச் சோதிப்பதன் பயன் விளங்கும். இரத்தக் கொதிப்பு வலிப்பதில்லை. சர்க்கரை ஏறியவர் பல ஆண்டுகள் வழக்கம்போல் அணிவகுப்பில் நிற்பார். சிறுநீரகம் பாதிக்கு மேல் பழுதடையும் வரை ஒரு குறிப்பும் காட்டாது. சென்னை மருத்துவர்கள் முன்னின்று நடத்திய, நாடு தழுவிய ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023இல் வெளியாயிற்று. அதன்படி இந்நாட்டில் நீரிழிவு உடையவர்கள் சுமார் 10 கோடி. அதன் வாசலில் நிற்பவர்கள் 13 கோடிக்கு மேல். வயது வந்தோரில் மூவரில் ஒருவருக்கு மேல் இரத்தக் கொதிப்பு உண்டு. இந்தப் பொதுக் கணக்கிலிருந்து காக்கி உடுப்பு யாருக்கும் விலக்களிப்பதில்லை.

எதைச் சோதிப்பது? பத்திரிகை விளம்பரங்களைப் பார்த்தால் தலை முதல் கால் வரை எழுபது சோதனை, எண்பது சோதனை என்று விலை போட்டிருக்கிறார்கள். நாம் அவற்றைச் சிபாரிசு செய்வதற்கில்லை. 1968இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்ஸன், யுங்னர் என்னும் இருவர் ஒரு சிறு நூல் எழுதினார்கள். நோய் முக்கியமானதாக இருக்க வேண்டும். வெளிப்படாமல் மறைந்திருக்கும் ஒரு காலம் அதற்கு இருக்க வேண்டும். சோதனை எளிதாக இருக்க வேண்டும். கண்டுபிடித்தால் கொடுப்பதற்குச் சிகிச்சை இருக்க வேண்டும். ஏறத்தாழ இவ்வளவே அவர்கள் வகுத்த நியாயம். இன்றுவரை அதனினும் நல்ல நியாயத்தை நாம் அறியோம். அந்தத் தராசில் வைத்தால் புற்றுநோய்க் குறிகாட்டி என்று விற்கப்படும் இரத்தச் சோதனைகளில் பெரும்பாலானவை நிற்க மாட்டா. இருதய மின்வரைபடமும் அப்படித்தான். நோய்க்குறி இல்லாதவருக்கு அது சரியாக இருந்தது என்பதனால் மாரடைப்பு வராது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

நிற்கக்கூடியவை மிகச் சாதாரணமானவை. முதலாவது இரத்த அழுத்தம். 140க்கு 90 என்ற அளவை எட்டினால் வேறொரு நாளில் மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும். அதையும் முறையாக எடுக்க வேண்டும். பரேட் முடிந்து வியர்க்க விறுவிறுக்க வந்தவரை நிற்க வைத்துக் கையில் பட்டையைச் சுற்றுவது சோதனை ஆகாது. முதுகு சாய்ந்து ஐந்து நிமிஷம் அமைதியாக உட்கார வேண்டும். அதற்கு முந்திய அரை மணி நேரம் தேநீரும் பீடியும் கூடாது. கை இருதய மட்டத்தில் இருக்க வேண்டும். அடுத்தது சர்க்கரை. வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் நீரிழிவு. பிறகு ஓர் அளவுநாடா. நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. ஆள் எடுக்கும்போது மார்பை அளந்த அதே நாடாவைச் சற்றுக் கீழே இறக்கினால் போதும், செலவே இல்லை. கொதிப்போ சர்க்கரையோ உள்ளவர்களுக்குச் சிறுநீரில் புரதம், இரத்தத்தில் கிரியாட்டினின், கண்ணின் உட்திரை ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். கொழுப்பின் அளவும் ஒரு முறை தெரிய வேண்டும்.

வாயைத் திறந்து பார்ப்பதைப் பலர் சோதனையாகவே மதிப்பதில்லை. இரவில் விழித்திருப்பதற்காகக் காவலர் பலர் புகையிலையையும் குட்காவையும் கன்னத்தில் அடக்கிக்கொள்கிறார்கள். கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ இருந்தால், அது புற்றுநோய்க்கு முந்திய நிலையாக இருக்கலாம். தம்முடைய மூன்று விரல்களைச் செங்குத்தாக வாயில் நுழைக்க முடியாதபடி வாய் குறுகி வருவதும் அத்தகைய எச்சரிக்கையே. ஒரு விளக்கும், இரண்டு நிமிஷமும் இதற்குப் போதும்.

போக்குவரத்துப் போலீசாருக்குத் தனியாக இரண்டு சோதனைகள் உண்டு. தில்லியில் ஐ.டி.ஓ. சந்தியிலோ, பெங்களூரில் சில்க் போர்டு சந்தியிலோ சிவப்பு விளக்குக்காகக் காத்திருக்கும் இரண்டு நிமிஷத்தில் நமக்குத் தொண்டை கரகரக்கிறது. அங்கே நாள் முழுவதும் நிற்பவரின் நுரையீரலை நினைத்துப் பாருங்கள். 2000ஆவது ஆண்டில் பெட்ரோலிலிருந்து ஈயத்தை நீக்கியது பெரிய நன்மை. டீசல் புகையின் நுண்துகள்கள் இன்னும் நீங்கவில்லை. ஆதலின் குழாயில் ஊதி மூச்சின் கொள்ளளவை அறியும் சோதனை அவர்களுக்கு வேண்டும். செவிக்கும் ஒரு சோதனை வேண்டும். ஓயாத இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை ஒரே நாளில் வருவதில்லை. வினாடிக்கு 4000 அதிர்வு உள்ள மெல்லிய ஒலியைப் பிடிக்கும் சக்தி முதலில் குறையும். சாதாரணப் பேச்சு நன்றாகவே கேட்பதால் அவருக்கும் தெரியாது, மனைவிக்கும் தெரியாது. பேச்சே கேட்கவில்லை என்று தெரிய வரும்போது, போன செவி திரும்புவதில்லை.

பெண் போலீசார் விஷயத்தில் நாம் இன்னும் பின்தங்கியிருக்கிறோம். பந்தோபஸ்து இடங்களில் கழிப்பிட வசதி இல்லாமையால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர்த் தொற்று அவர்களுக்கு வழக்கமாகிவிடுகிறது. முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மார்பகத்தையும் கருப்பை வாயையும் சோதிக்கும் ஏற்பாடு அரசின் பொதுத் திட்டத்திலேயே உள்ளது. அதைப் போலீஸ் லயனுக்குள் கொண்டுவர ஒரு பெண் மருத்துவரும் ஒரு மறைவான அறையும் வேண்டும். அந்த அறை கிடைப்பதுதான் அரிதாக இருக்கிறது.

சட்டத்தில் சோதனையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. நாற்பது வயதைக் கடந்த ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்கு ஆண்டுதோறும் உடற்பரிசோதனை உண்டு. அதன் சுருக்கம் அவர்களுடைய பணி மதிப்பீட்டிலும் இடம்பெறுகிறது. மத்தியப் படைகளில் ‘ஷேப்’ என்னும் முறை நிலவுகிறது. மனநிலை, செவி, கை கால், பொது உடல்நிலை, கண் ஆகிய ஐந்துக்கும் தனித்தனியே தரம் இடுவார்கள். ஐந்திலும் முதல் தரம் பெற்றவர் ‘ஷேப்-1’. மாநிலப் போலீஸில் பெரும்பகுதியினராகிய கான்ஸ்டபிள்களுக்கு மட்டும், வருகிற கமிஷனரின் ஆர்வத்தையும், அந்த ஆண்டில் அமையும் முகாமையும் பொறுத்தே சோதனை வாய்க்கிறது.

2020ஆம் ஆண்டின் தொற்றுக் காலம் இந்தக் குறையை வெளிச்சமிட்டுக் காட்டிற்று. அவ்வாண்டு ஏப்ரலில் மும்பைப் போலீஸார் சிலர் நோயால் இறந்ததும், 55 வயதைக் கடந்தவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று உத்தரவு வந்தது. வயது சற்றுக் குறைந்தவராயினும் கொதிப்போ சர்க்கரையோ உள்ளவர்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. மனிதத்தன்மை உள்ள உத்தரவு. வயது பணிப் பதிவேட்டில் இருக்கிறது. சர்க்கரை எங்கே எழுதியிருக்கிறது? முன்பு சோதித்துக்கொண்டவர் விலக்குப் பெற்றார். சோதிக்காதவர், தமக்கு நோயில்லை என்ற நம்பிக்கையோடு சாலைக்குச் சென்றார்.

இனி, ஒழுங்காகச் சோதிக்கும் படைகளில் உள்ள வேறொரு சிக்கலைச் சொல்ல வேண்டும். அது சோதனை இல்லாமையைவிடக் கொடிது என்று சில வேளைகளில் தோன்றுகிறது. வட மாநில நகரமொன்றில் ஒரு படைப் பிரிவின் குடியிருப்பில் நாங்கள் மருத்துவர்கள் சிலர் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாம் நடத்தினோம். திருநெல்வேலிப் பக்கத்து ஹவால்தார் ஒருவர் வந்தார், வயது நாற்பத்தாறு. இரத்த அழுத்தம் 180க்கு 110 இருந்தது. பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தோம், இறங்கவில்லை. அதுவரை இந்தியில் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று தமிழுக்கு மாறினார். “ஐயா, இந்தக் கணக்கை மட்டும் தாளில் ஏற்றிவிடாதீர்கள். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்” என்றார்.

விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. கொதிப்பு இருப்பது அவருக்கு மூன்று ஆண்டுகளாகத் தெரியும். ஆண்டுச் சோதனைக்குப் பத்து நாள் முன்னதாக மாத்திரையை ஆரம்பிப்பார். சோதனையில் தேறியதும் நிறுத்திவிடுவார். தொடர்ந்து சாப்பிட்டால் மாத்திரைப் பட்டையை அறையில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம். அவரைப் போல இன்னும் நால்வர் அந்தப் பிரிவில் இருப்பதாகவும் சொன்னார். சிறுநீரைச் சோதித்தோம்; புரதம் கசிய ஆரம்பித்திருந்தது. அதாவது, நோயைக் கண்டுபிடிப்பதற்காக ஏற்பட்ட சோதனை, அவர் நோயை ஒளிப்பதற்கே காரணமாக இருந்தது. ‘ஷேப்-1’ இல்லாவிடில் பதவி உயர்வு இல்லை என்ற விதியின் விலையை அவருடைய சிறுநீரகம் செலுத்திக்கொண்டிருந்தது.

துப்பாக்கி ஏந்துகிறவர் தகுதியோடு இருக்க வேண்டும் என்று படை கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தரம் பிரிக்கும் கையும், நோய் தேடும் கையும் ஒரே கையாக இருந்தால், எந்தக் குடும்பஸ்தனும் உள்ளங்கையைத் திறந்து காட்ட மாட்டான். நோய் தேடும் சோதனையின் ஏடு மருத்துவரிடமும் அந்த மனிதரிடமும் மட்டும் இருக்கட்டும். படைக்குத் தெரிய வேண்டியது இன்ன பணிக்கு ஏற்றவர், இன்ன பணி இப்போதைக்கு வேண்டாம் என்பது மாத்திரமே. தினமும் மாத்திரை சாப்பிட்டு 130க்கு 80 வைத்திருப்பவரைக் கொதிப்பை அடக்காதவரோடு ஒரே பந்தியில் உட்கார வைப்பதும் முறையன்று. பட்டாலியனில் இத்தனை பேருக்குக் கொதிப்புக் கண்டுபிடித்தோம் என்று அறிக்கை எழுதுவது சுலபம். ஓராண்டு கழித்து அவர்களில் எத்தனை பேருக்கு அது அடங்கியிருக்கிறது என்ற கணக்கைத்தான் மேலதிகாரிகள் கேட்க வேண்டும்.

அந்த ஹவால்தார் மாத்திரையைத் தொடர்ந்தார். பதவி உயர்வும் ஓராண்டு தாமதித்து வந்தது. சிறுநீரகத்தில் போனது போனதுதான். மேற்கொண்டு போகாமல் காத்து வருகிறோம்.

வெளிமாநிலத்தில் இருப்பதால் நம்மவர்க்குக் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு, அது மொழி. நெஞ்சை யாரோ அழுத்துவதுபோல் இருந்தால் நாம் ‘வாயுப் பிடிப்பு’ என்கிறோம். அதையே இந்தியில் சொல்லப் போய் ‘கேஸ்’ என்று முடிக்கிறோம். மருத்துவர் வயிற்றுக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிடுகிறார். வலி எங்கே, எவ்வளவு நேரம், நடந்தால் கூடுகிறதா, இடது தோளுக்கும் தாடைக்கும் பரவுகிறதா, வியர்த்ததா என்பவற்றை அந்தந்த ஊர் மொழியில் சொல்லத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பெரும்பாலும் உடன் வருகிற மனைவிமார்தாம் பேச வேண்டியிருக்கிறது. அவர்களுக்குச் சந்தை மொழி தெரியும், ஆஸ்பத்திரி மொழி தெரியாது. நம் தமிழ்ச் சங்கங்கள் பட்டிமன்றங்களுக்கு நடுவே ஒரு மாலையை இதற்கு ஒதுக்கினால் குறைந்துபோக மாட்டார்கள். மனச் சஞ்சலம், உறக்கமின்மை, குடியை விட முடியாமை ஆகியவற்றை மட்டும் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி-மானஸ்’ சேவையில் 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தால் தமிழும் கிடைக்கிறது. துப்பாக்கி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் உத்தியோகத்தில் இந்த எண்ணைச் சுவரில் எழுதி வைப்பது தவறாகாது.

மாற்றலுக்கு ஆளாகிறவர்கள் ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ள வேண்டும். தேதி, அழுத்தம், சர்க்கரை, எடை, மாத்திரையின் பெயர், இவ்வளவே. அஸ்ஸாமிலிருந்து ராஜஸ்தானுக்கு மாற்றலாகும்போது பெட்டிக்கு முன்னால் அது போக வேண்டும். ஊருக்கு விடுமுறையில் போகும்போது சோதித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதை நாம் ஏற்பதற்கில்லை. விடுமுறையில் கல்யாணமும் கோயிலும் உண்டு. இரத்தம் கொடுக்க நேரம் இராது. இருக்கும் ஊரிலேயே ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் என்ற அரசு நிலையங்களில் முப்பது வயதைக் கடந்த எவருக்கும் கொதிப்பும் சர்க்கரையும் இலவசமாகப் பார்க்கிறார்கள். ஜவானுடைய மனைவியும் பெற்றோரும் கூடவே பார்த்துக்கொள்ளலாம்.

முகாம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வரவும்’ என்று அறிவிப்புப் பலகையில் எழுதினால், இரவுப் பாராவில் நின்றவர்கள் வர மாட்டார்கள். விடியற்காலை நான்கு மணிக்குத் தேநீர் குடிக்காமல் எவரும் பாராவில் நிற்க முடியாது. வர முடியாமற்போகிறவர்களோ, நாம் முக்கியமாகத் தேடுகிறவர்கள். அவர்களுக்கென்று எச்.பி.ஏ.1.சி. என்னும் சோதனை இருக்கிறது. இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியை அது காட்டும், 6.5 சதவீதமும் அதற்கு மேலும் நீரிழிவு. இரத்த சோகை உள்ளவர்களிடம் சற்றுத் தவறிக் காட்டக்கூடும், அவ்வளவே. அதற்குப் பட்டினி தேவையில்லை. பாரா மாறி இறங்கி வருகிறவரை அங்கேயே உட்கார வைத்து, எந்த நேரமானாலும் இரத்தம் எடுத்துக்கொள்ளலாம்.